வேலும் கோலும்: வரிவிதிப்புப் பற்றிய தன்னுரிமைக் கொள்கையர் கருத்துகள்

தமிழில் 'இறை' என்னும் சொல் கடவுளைக் குறிக்கும், அரசனைக் குறிக்கும், அவ்வரசனுக்குக் குடிகள் செலுத்தும் வரியையும் குறிக்கும். ஆள்வோனுக்கும் அவன் பெறுவதற்கும் ஒரே பெயர் வழங்கிய மொழி நம் மொழி. உல்கு, சுங்கம், ஆயம், கடமை, குடிமை என வரியின் வகைகளைச் சுட்டும் சொற்கள் நம் இலக்கியங்களிலும் கல்வெட்டுகளிலும் மிகுந்து காணப்படுகின்றன. சோழர் ஆட்சியில் வரிக்கணக்கைக் கவனிக்கப் புரவுவரித் திணைக்களம் என்றோர் அலுவலகமே இயங்கிற்று. வரியின்றி நடந்த பேரரசு எதனையும் வரலாறு காட்டவில்லை. எனினும், வரி வாங்குவது எந்த உரிமையினால் என்னும் வினாவும் ஓய்ந்தபாடில்லை.

திருவள்ளுவர் கொடுங்கோன்மை அதிகாரத்தில் ஓர் உவமை கூறுகிறார். செங்கோலுக்குரிய கையினனாகிய அரசன் குடிகளிடம் பொருள் கேட்பது, வழியிடையே வேல் பிடித்து நிற்கும் கள்வன் கொடு என்று கேட்பதை ஒக்கும் என்பது அதன் கருத்து. ஏறக்குறைய இதே ஒப்பீட்டை இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்க மெய்யியலார் சிலர் ஒரு முழுக் கோட்பாடாகவே வளர்த்தனர். வரி என்பது சட்டத்தின் ஆடை உடுத்த பறிப்பு என்றனர். லிபர்ட்டேரியன் என ஐரோப்பிய மொழிகளில் அழைக்கப்படும் இவர்களை நாம் இங்குத் தன்னுரிமைக் கொள்கையர் எனக் குறிப்போம். இவர்தம் கருத்துகளை எடுத்துரைத்து, தமிழ் மரபும் இஸ்லாமிய மரபும் அவற்றோடு எங்கு ஒன்றுகின்றன, எங்கு விலகுகின்றன என்று காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். 'வரி என்பதே திருட்டுதானே' என்று வகுப்பறையில் மாணவர்கள் கேட்கும் காலம் இது. கேள்வியைத் தட்டிக்கழிக்காமல் எதிர்கொள்வது ஆசிரியர் கடமை.

முதலிலேயே ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். வள்ளுவர் எல்லா வரியையும் பழிக்கவில்லை. அவ்வுவமை அமைந்திருப்பது கொடுங்கோன்மை அதிகாரத்தில். பொருள் செயல்வகை அதிகாரத்திலோ உல்குபொருளை வேந்தனுக்கு உரிய பொருள்களுள் ஒன்றாக அவரே எண்ணுகிறார். இறைமாட்சியில் பொருள் வரும் வழியை இயற்றுதல், ஈட்டுதல், காத்தல், வகுத்துச் செலவிடுதல் என்னும் நான்கையும் அரசின் வல்லமைகளாகக் கூறுகிறார். ஆகவே வேலுக்கும் கோலுக்கும் வேறுபாடு உண்டென்பதும், அவ்வேறுபாடு அழிந்துபோகக் கூடியது என்பதும் வள்ளுவர் கொள்கை. தன்னுரிமைக் கொள்கையரோ அவ்வேறுபாடு தொடக்கத்திலிருந்தே இல்லை என்பவர்.

நோசிக்கின் வாதம்

இக்கொள்கைக்கு மிகக் கூர்மையான வடிவம் தந்தவர் ஹார்வர்டு பல்கலைக்கழக மெய்யியல் பேராசிரியர் ராபர்ட் நோசிக். அவருடைய 'அரசின்மை, அரசு, கனவுலகு' என்னும் பொருள்படும் நூல் 1974இல் வெளிவந்தது. அதே பல்கலைக்கழகத்தின் ஜான் ரால்ஸ் 1971இல் வெளியிட்ட 'நீதிக் கோட்பாடு' நூலுக்கு மறுப்பாக அதன் பெரும்பகுதி அமைந்தது. சமுதாயத்தில் நிலவும் ஏற்றத்தாழ்வு கடைநிலையில் உள்ளோருக்கு நன்மை பயப்பதாயின் மட்டுமே நியாயமாகும் என்பது ரால்ஸின் கருத்து. நோசிக் இதனை ஏற்கவில்லை. யாரிடம் எவ்வளவு உள்ளது என்று பாராதே; அது எவ்வாறு வந்தது என்று பார் என்றார்.

இதற்கு அவர் காட்டும் எடுத்துக்காட்டு புகழ்பெற்றது. வில்ட் சேம்பர்லின் அக்காலத்துப் பெரிய கூடைப்பந்து ஆட்டக்காரர். ஒரு சமுதாயத்தில் செல்வம் உங்களுக்கு எம்முறை நியாயமெனப் படுகிறதோ அம்முறையிலேயே பகிர்ந்தளிக்கப்பட்டுள்ளது என்று வைத்துக்கொள்ளுங்கள் என்கிறார். சேம்பர்லின் ஆட்டத்தைக் காண வருவோர் ஒவ்வொருவரும் அவருக்கெனத் தனியே 25 சென்ட் தருகின்றனர். ஓர் ஆண்டில் 10 இலட்சம் பேர் வருகின்றனர். ஆண்டு முடிவில் அவரிடம் 2,50,000 டாலர் சேர்ந்துவிடுகிறது. தொடக்கத்தில் இருந்த சமநிலை குலைந்துவிட்டது. ஆனால் தவறு செய்தவர் யார்? கொடுத்தோர் விரும்பியே கொடுத்தனர். அவர்கள் கொடுத்தது, நியாயமான பங்கென நீங்களே ஒப்புக்கொண்ட பங்கிலிருந்துதான். இப்போது அப்பணத்தின் ஒரு பகுதியைப் பிறருக்கெனப் பறித்தால், மனிதர் தம் விருப்பப்படி செய்யும் செயல்களில் ஓயாது குறுக்கிட்டால் அன்றிச் சமநிலையைக் காக்க இயலாது என்பதே அதன் பொருளாகிறது.

அடுத்து அவர் உழைப்பின்மீதான வரியை எடுத்துக்கொள்கிறார். ஒருவன் ஈட்டியதில் சில மணி நேர உழைப்பின் பயனை அரசு எடுத்துக்கொள்வது, அத்தனை மணி நேரம் அவனைப் பிறனுக்காகக் கட்டாய வேலை வாங்குவதற்கு நிகர் என்பது அவர் வாதம். மாலைக் கதிரவன் மறைவதைக் கண்டு களிப்பவனுக்குப் பணம் வேண்டியதில்லை. அவனை யாரும் கூடுதலாக உழைக்கச் சொல்வதில்லை. திரைப்படம் காண்பதில் களிப்பவனுக்குச் சீட்டு வாங்கப் பணம் வேண்டும். அதற்காக அவன் மிகுதியாக உழைக்கிறான். அவனிடமே வரி கேட்கிறோம். இருவர் களிப்புக்கும் இடையே இவ்வேற்றுமை ஏன் என்று வினவுகிறார். இவ்வினாவுக்கு எளிதில் விடை கூறிவிட முடியாது. மாணவர்கள் இதனை விடுதி அறைகளில் வாதிட்டுப் பார்க்கலாம். ஓர் இரவு போதாது.

அவ்வாறாயின் அரசுக்கு என்ன வேலை? வன்முறை, திருட்டு, ஏமாற்று ஆகியவற்றினின்று மக்களைக் காப்பதும், ஒப்பந்தங்களை நிறைவேற்றுவிப்பதும் மட்டுமே என்கிறார் நோசிக். ஊர்க்காவல் அரசு எனலாம். பள்ளி, மருத்துவமனை, முதியோர் உதவித்தொகை ஆகியன அதன் வேலை அல்ல. விரும்புவோர் தம் பொருளில் செய்துகொள்ளட்டும். இவ்விடத்தில்தான் அவர் வாதத்தின் மெலிவு வெளிப்படுகிறது. காவலருக்கும் நீதிபதிக்கும் ஊதியம் எங்கிருந்து வரும்? அதுவும் வரியன்றோ? பள்ளிக்காக வாங்கும் ரூபாய் கட்டாய உழைப்பென்றால் காவல் நிலையத்துக்காக வாங்கும் ரூபாய் மட்டும் எவ்வாறு வேறாகும்? மர்ரே ராத்பார்ட் போன்றோர் இதனைத் துணிந்து ஏற்று, காவலும் நீதியும்கூடத் தனியாரிடம் விலைக்கு வாங்கத் தக்கனவே என்றனர். முரணில்லாத விடைதான், ஆனால் விலை கொடுக்க இயலாதவனுக்கு நீதி ஏது என்ற வினாவை அது விட்டுச்செல்கிறது. நோசிக்கே 1989இல் வெளியிட்ட பிற்கால நூலொன்றில் தம் முந்தைய நிலைப்பாடு பெரிதும் போதாமை உடையது என்று எழுதினார் என்பதையும் அவரை மேற்கோள் காட்டுவோர் நினைவிற்கொள்ளுதல் நலம்.

சமத்தொகையா, சமவிகிதமா?

தன்னுரிமைக் கொள்கையர் அனைவரும் ஒரே குரலில் பேசுவோர் அல்லர். 1974இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற ஹாயெக், 1960இல் எழுதிய 'விடுதலையின் அரசமைப்பு' என்னும் நூலில் வரியே கூடாதென்று சொல்லவில்லை. வருவாய் ஏற ஏற விகிதமும் ஏறும் வளர்விகித வரியைத்தான் எதிர்த்தார். எல்லாருக்கும் ஒரே விகிதம் என்றால், பெரும்பான்மையோர் தமக்கு விதித்துக்கொள்ளாத சுமையைச் சிறுபான்மையோர்மீது ஏற்ற இயலாது என்பது அவர் காரணம். பசித்தோர்க்கு அரசு ஒரு குறைந்தபட்ச உதவி அளிப்பதையும் அவர் மறுக்கவில்லை. மில்டன் ஃபிரீட்மன் 1962இல் எழுதிய 'முதலாளியமும் விடுதலையும்' நூலில், ஒரு வரம்புக்குக் கீழ் வருவாய் உடையோருக்கு அரசே பணம் தரும் எதிர்மறை வருமான வரித் திட்டத்தை முன்வைத்தார். நாமறிந்த பலர் இவர்களை ஏழைகளின் பகைவராகவே எண்ணிக்கொண்டிருக்கின்றனர். அவர்தம் நூல்களைப் படித்தோர் அவ்வாறு கூறார்.

சமவிகிதமும் வேண்டா, தலைக்கு ஒரே தொகை என்று வாங்கிப் பார்த்த நாடும் உண்டு. பிரிட்டனில் ஹாயெக்கின் கருத்துகளைப் போற்றிய மார்கரெட் தாட்சரின் அரசு, உள்ளாட்சிச் செலவுக்காக வீட்டு மதிப்பின்மேல் வாங்கிய வரியை நீக்கி, வயது வந்தோர் அனைவருக்கும் அந்தந்த உள்ளாட்சியில் ஒரே தொகை என்னும் தலைவரியை 1989இல் ஸ்காட்லாந்திலும் 1990இல் இங்கிலாந்திலும் வேல்சிலும் கொணர்ந்தது. தெருவிளக்கும் குப்பை அகற்றலும் அனைவர்க்கும் பொது. ஆகவே விலையும் பொது என்பது அதன் தருக்கம். மாளிகையில் வாழும் கோமகனும் அவன் வீட்டுக் குப்பையை அள்ளுபவனும் ஒரே தொகை செலுத்த வேண்டியவராயினர். மாணவர்க்கும் வறியோர்க்கும் தள்ளுபடி இருந்தும் அவர்களும் ஐந்தில் ஒரு பங்கைச் செலுத்தியே ஆக வேண்டும். 1990 மார்ச் 31 அன்று இலண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் பெருங்கலகம் மூண்டது. அவ்வாண்டு நவம்பரில் தாட்சர் பதவி விலகியதற்கு அவ்வரியும் ஒரு காரணம். 1993இல் அது நீக்கப்பட்டது. ஏட்டில் நியாயமாகத் தோன்றுவது வீட்டு வாசலில் நியாயமாகத் தோன்றாமல் போவதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டா.

இராஜாஜியின் மூன்று நிலைகள்

இந்திய மண்ணில் இக்கொள்கைக்கு அணுக்கமாக நின்று அரசியல் நடத்தியவர் மூதறிஞர் இராஜாஜி. அவர் வாழ்வில் வரி மூன்று முறை மூன்று முகம் காட்டிற்று. 1930 ஏப்ரலில் திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரணியத்துக்கு நடந்து சென்று உப்பு அள்ளிச் சிறை புகுந்தார். அஃது அயலவர் விதித்த உப்புவரிக்கு எதிரான போர். 1937இல் சென்னை மாகாணத்தின் பிரதமர் ஆனார். சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். கள், சாராய வருவாய் குறைந்தது. அவ்விழப்பை ஈடுசெய்ய 1939இல் பொது விற்பனை வரிச் சட்டத்தைக் கொண்டுவந்தார். இந்தியாவில் எல்லாப் பொருள்களுக்குமான விற்பனை வரி அவ்வாறு பிறந்தது நம் மாகாணத்தில்தான். வணிகர் எதிர்த்தனர்; பின்னர் ஏனைய மாகாணங்கள் அதனைப் பின்பற்றின. இருபது ஆண்டுகள் கழித்து, 1959இல், அதே இராஜாஜி அரசின் கட்டுப்பாடுகளையும் உரிமச் சீட்டுகளையும் எதிர்த்துச் சுதந்திராக் கட்சியைத் தோற்றுவித்தார். 1967 பொதுத்தேர்தலில் அக்கட்சி மக்களவையில் 44 இடங்களைப் பெற்றது.

இதனை முரண்பாடு என்று எள்ளுவோர் உளர். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. மதுவில் வரும் வருவாயை விடுத்து விற்பனை வரியை ஏற்றபோது, ஏழைக் குடிகாரனின் வீட்டை அழித்துக் கருவூலத்தை நிரப்புவதைவிட வெளிப்படையாக வரி கேட்பது மேல் என்று கருதினார். வரியே கூடாதென்பது அவர் கொள்கையன்று. அரசு எதனைச் செய்யலாம், எதனைச் செய்யலாகாது என்பதே அவர் கேட்டது.

அவர் எச்சரிக்கை வீணன்று என்பதை அடுத்த பத்தாண்டு மெய்ப்பித்தது. 1973-74இல் நம் நாட்டின் வருமான வரியில் உச்ச விகிதம் 85 விழுக்காடு, அதன்மேல் 15 விழுக்காடு கூடுதல் வரி, ஆக 97.75 விழுக்காடு. ஆண்டு வருவாய் 2 இலட்சம் ரூபாயைக் கடந்தபின் ஈட்டும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் ஈட்டியவனுக்கு எஞ்சியது 2 ரூபாய் 25 காசு. யார் செலுத்துவர்? இரண்டு கணக்குப் புத்தகம் வைத்துக்கொள்ளும் வழக்கம் வணிகரிடையே ஏன் வேரூன்றியது என்பதை அக்காலத்தில் கடை நடத்திய நம் சமுதாயப் பெரியோர் நம்மினும் நன்கறிவர். வாஞ்சூ குழு 1971இலேயே உயர்ந்த விகிதமே ஏய்ப்புக்கு முதற்காரணம் எனக் கூறி அதனைக் குறைக்கப் பரிந்துரைத்திருந்தது. பின்னர்ப் படிப்படியாகக் குறைந்து, 1997இல் 10, 20, 30 விழுக்காடு என்னும் மூன்று படிகள் வந்தன.

யானையும் இப்னு கல்தூனும்

பாண்டியன் அறிவுடைநம்பிக்குப் பிசிராந்தையார் கூறிய அறிவுரை புறநானூற்றின் 184ஆம் பாடலாக உள்ளது. 2019 ஜூலையில் நாடாளுமன்ற நிதிநிலை உரையிலும் அது எடுத்தாளப்பட்டது. சிறு நிலத்தின் விளைச்சலையும் அறுத்துக் கவளமாக்கி ஊட்டினால் யானைக்குப் பலநாள் உணவாகும். யானை தானே வயலுள் புகுந்தாலோ நூறு வயலும் போதா. வாய் உண்பதைவிடக் கால் அழிப்பது மிகுதி. இப்பாடலை 'குறைவாக வரி வாங்குக' என்னும் பொதுவான அறிவுரையாகவே பலரும் விளக்கிச் செல்கின்றனர். பாடலின் நுட்பம் கால் அழிப்பதில் இருக்கிறது. வரியால் குடிகள் இழப்பது, அரசு பெறுவதைவிட மிகுதியாகலாம். 1776இல் ஆடம் ஸ்மித் வகுத்த வரிவிதிகள் நான்கனுள் இறுதியானது இதுவே: கருவூலத்தை வந்தடைவதற்குமேல் மக்கள் கையிலிருந்து எவ்வளவு குறைவாக எடுக்க இயலுமோ அவ்வளவு குறைவாக எடுக்க வேண்டும்.

தூனிஸ் நகரில் 1332இல் பிறந்து கெய்ரோவில் காஜியாகப் பணியாற்றி 1406இல் மறைந்த பேரறிஞர் இப்னு கல்தூன், தம் 'முகத்திமா'வில் இக்கருத்தை வரலாற்று விதியாகவே வகுத்தார். ஆட்சி தோன்றும்போது விகிதம் குறைவாகவும் வருவாய் மிகுதியாகவும் இருக்கும், ஆட்சி முதிரும்போது ஆடம்பரமும் படைச்செலவும் பெருகி விகிதம் ஏறும், மக்கள் ஊக்கம் இழப்பர், வருவாய் குன்றும். அரசன் தானே வணிகனாகி மக்களோடு போட்டியிடுவது பெருங்கேடு என்றும் எழுதினார். 1981 அக்டோபரில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரீகன், தம் வரிக்குறைப்புக்குச் சான்றாக இவர் பெயரைச் செய்தியாளர் கூட்டத்தில் எடுத்துரைத்தார். நம்மவர்க்கு அது பெருமையாகவே இருந்தது. ஆனால் ரீகன் கூறாமல் விட்ட பகுதியும் அந்நூலில் உண்டு. அரசே நாட்டின் மிகப் பெரிய சந்தை. அது தன் செலவைச் சுருக்கிப் பொருளைப் பூட்டி வைத்தால் மக்கள் வணிகம் தேய்ந்து, அதனால் வரியும் தேயும் என்பதும் இப்னு கல்தூன் கூற்றே. ஊர்க்காவல் அரசை அவர் வேண்டினார் என்று அவரைத் தன்னுரிமைக் கொள்கையர் வரிசையில் நிறுத்துவது பொருந்தாது.

அவருக்கு ஆறு நூற்றாண்டு முன்பே, இமாம் அபூஹனீஃபாவின் மாணவரும் தலைமைக் காஜியுமான அபூயூசுஃப், கலீஃபா ஹாரூன் அர்ரஷீதுக்காக எழுதிய 'கிதாபுல் கராஜ்' நூலில், நிலத்தின் அளவுக்கு இவ்வளவெனத் திட்டமாக வாங்குவதைவிட விளைச்சலில் பங்கு வாங்குவதே உழவர்க்கு நன்று என்றார். விளையாத ஆண்டில் திட்டவரி உழவனை நிலத்தை விட்டே விரட்டும். சோழன் கிள்ளிவளவனிடம் வெள்ளைக்குடி நாகனார் பாடி நிலவரிப் பாக்கியைத் தள்ளச் செய்ததும் இவ்வுணர்வினாலேயே.

ஏழையின் பங்கு யாருடையது?

தன்னுரிமைக் கொள்கைக்கும் நமக்கும் உள்ள உண்மையான வேறுபாடு விகிதத்தில் இல்லை, ஜகாத்தில் உள்ளது. ஜகாத் வரியா, தருமமா? விரும்பினால் கொடுக்கலாம் எனில் அது தருமம். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மறைந்தபின் சில குலத்தார் தொழுவோம், ஜகாத் தரமாட்டோம் என்றபோது, முதற் கலீஃபா அபூபக்கர் (ரலி) அவர்கள் அவர்கள்மீது போர் தொடுத்தார்கள். நோசிக்கின் அளவுகோலால் அளந்தால் அப்போர் பெரும்பறிப்பாகிவிடும். ஆனால் திருமறையோ செல்வரின் பொருளில் கேட்போருக்கும் வறியோருக்கும் உரிமை உண்டென்று கூறுகிறது. பொருள் முழுவதும் ஈட்டியவனுக்கே சொந்தம் என்பது நோசிக்கின் தொடக்கப்புள்ளி. அதில் ஒரு பகுதி தொடக்கத்திலிருந்தே அவனுடையது அன்று, அமானத்தாகவே அவனிடம் உள்ளது என்பது நம் தொடக்கப்புள்ளி. பிறனுக்குரியதைப் பிறனிடம் சேர்ப்பிப்பது பறிப்பாகாது.

அதே வேளையில், ஜகாத் ஆள்வோனையும் கட்டுகிறது. சேமித்த பொருளுக்கு இரண்டரை விழுக்காடு. மழையால் விளைந்ததற்குப் பத்தில் ஒன்று. நீர் இறைத்து விளைவித்ததற்கு அதில் பாதி. உழைப்பு மிகுந்தால் விகிதம் குறைகிறது என்பதை நோக்குக. நிஸாபு அளவுக்குக் கீழுள்ளோரிடம் வாங்கலாகாது. செலவிடும் இனங்கள் எட்டு. அவற்றுக்குப் புறம்பாக ஆள்வோன் அதனைத் தொடலாகாது. இவ்வரம்புகளைக் கண்டால் ஹாயெக் மகிழ்ந்திருப்பார். இவற்றுக்கு மேலும் அரசு வாங்கலாமா என்பதில் அறிஞர் ஆராய்ந்துள்ளனர். பைத்துல்மால் வறண்டு நாட்டுக் காவலுக்கு இடர் நேருமானால் வாங்கலாம் என்றார் இமாம் கஸ்ஸாலி. ஜகாத்தால் ஏழைகளின் தேவை நிறைவுறாதாயின், எஞ்சியதையும் செல்வர் தர அரசு கட்டாயப்படுத்தலாம் என்று அந்தலூசிய அறிஞர் இப்னு ஹஸ்ம் கூறினார்.

அரசு விலகிக்கொண்டால் வள்ளன்மை அவ்விடத்தை நிரப்பும் என்பது தன்னுரிமைக் கொள்கையரின் நம்பிக்கை. வக்ஃபுகளாலும் வணிகர்தம் கொடையாலும் எழுந்த கல்விக்கூடங்களைக் கண்ட நாம் அந்நம்பிக்கையை எள்ளி நகையாட இயலாது. ஆனால் கட்டடம் வள்ளல்கள் தந்தது. அரசு உதவிபெறும் கல்லூரிகளில் ஆசிரியர் ஊதியம் வரிப்பணத்தில் வருவது. இரண்டும் சேர்ந்தே வகுப்பு நடக்கிறது.

மேலும் 1876-78ஆம் ஆண்டுகளின் தாதுவருடப் பஞ்சத்தை நாம் மறந்துவிடலாகாது. தானியச் சந்தையில் அரசு தலையிடலாகாது என்னும் கொள்கையில் லிட்டன் பிரபுவின் மைய அரசு உறுதியாக நின்றது. தானியம் வாங்கி இருப்பு வைக்க முனைந்த சென்னை மாகாண அரசைக் கண்டித்தது. செலவைக் குறைக்க வந்த ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்வோருக்கான நாள் உணவை ஒரு பவுண்டு தானியமாகக் குறைத்தார். தென்னிந்தியாவில் மாண்டோர் தொகை ஐம்பது இலட்சத்துக்கும் மேல் எனக் கணிப்பர். அவ்வரசு சந்தையில் தலையிடவில்லை; உப்பின்மேல் வரி வாங்குவதை மட்டும் நிறுத்தவில்லை. அஃது அயலார் ஆட்சி, அதன் வரிகளே உழவனை நலித்தன, அதனை எம் கொள்கைக்குச் சான்றாக்கலாகாது என்று தன்னுரிமைக் கொள்கையர் மறுமொழி கூறுவர். அதில் உண்மை உண்டு. ஆயினும் பட்டினி வந்தபோது தலையிடாமை என்பது என்ன விலை கேட்டது என்பதற்குத் தமிழகத்தில் வேறு சான்று தேட வேண்டுவதில்லை.

இறுதியாக மாணவர்க்கு ஒன்று. வருமான வரி கட்டாதோர் தாம் வரியே செலுத்துவதில்லை என எண்ணுகின்றனர். 1939இல் இராஜாஜி தொடங்கி வைத்த விற்பனை வரியின் வழியில் வந்ததே 2017 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள சரக்கு மற்றும் சேவை வரி. கூலித்தொழிலாளி ஒரு சோப்புக்கட்டி வாங்கினாலும், ஆலை முதலாளி அதனையே வாங்கினாலும் அதன்மேல் வரி ஒரே தொகைதான். தாட்சரின் தலைவரியைப் போல இதற்காக யாரும் சதுக்கத்தில் கூடவில்லை. கடைப் பற்றுச்சீட்டின் அடியில் மத்திய அரசின் பங்கும் மாநில அரசின் பங்கும் தனித்தனியே அச்சிடப்படுகின்றன. விலைக்குள் மறைந்து கிடக்கும் வரியினும் இது மேலானதே. நின்று படித்துப் பார்ப்போர்தாம் குறைவு.